விபத்து நடந்த விதம்

மூன்று வரி இடம் விட்டிருக்கிறார்கள்.
என் கையெழுத்துக்கு ஒரு வரியில்
நாலு சொல் கொள்ளும்.

பெயர்: செய்யது மசூது, மேலப்பாளையம்.
இழுத்தது பிக்கப்.
இழுபட்டது கேரவன், நடிகர்கள் இளைப்பாறுவது.
நிறுத்திய இடத்தில் அதன் இடப்பக்கச் சுவர்
மேசை இழுப்பறைபோல வெளியே நகரும்,
இரண்டரை அடி.
வாடகையில் பாதி அந்த இரண்டரை அடிக்குத்தான்.
கிளம்புமுன் உள்ளே போய்ப் பச்சைப் பொத்தானை
நாற்பது விநாடி விடாமல் அமுக்க வேண்டும்.
விரலை எடுத்தால் சுவரும் நின்றுவிடும்.

மணிமுத்தாற்றில் கடைசி ஷாட் முடிய ராத்திரி மூணு.
"பொத்தான அமுக்கிட்டு ஜெனரேட்டர் வண்டில வந்துருல"
என்றேன் ஜெபசிங்கிடம்.
"சரிண்ணாச்சி."
சரி என்ற சத்தம் காதில் விழுந்தாலே
வேலை முடிந்ததாக ஆகிவிடுகிறது எனக்கு.

இடது கண்ணாடியில் அணைக்கட்டுச் சேறு.
துடைத்திருக்கலாம்.

கல்லிடைக்குறிச்சியில் ஒரு வேப்பங்கிளை.
கிளை உரசாத வண்டி இந்த ரோட்டில் ஏது.
வீரவநல்லூருக்கு முன்னால் கொடை.
ஓரமெல்லாம் கம்பு நட்டுக் குழல்விளக்கு,
பச்சை ஒன்று வெள்ளை ஒன்று.
நான் தாண்டத் தாண்ட
எனக்குப் பின்னால் ரோடு இருண்டுகொண்டே வந்தது.
கரண்ட் போய்விட்டது, பாவம்,
சாமி ஆடுகிற நேரத்தில் என்று நினைத்தேன்.
வில்லுப்பாட்டு மைக் மட்டும் நிற்கவில்லை.
அதையும் யோசிக்கவில்லை.

சேரன்மகாதேவி வளைவில் ஒரு கல்யாணப் பேனர்.
மாப்பிள்ளை கிழிந்துபோய்
பெண் மட்டும் கும்பிட்டபடி நின்றாளாம்,
பிறகு சொன்னார்கள்.

பால்கேன் கட்டிய டிவிஎஸ் ஒன்று
ஹாரனை விடாமல் அடித்துத் துரத்தியது.
வழி கேட்கிறார் என்று மரியாதையாக
இடது பக்கம் ஒதுங்கினேன்.
டீக்கடை மீட்டர்ப் பெட்டி போனது அந்த மரியாதையில்.

பத்தமடைக்கு முன்னால் குறுக்கே மறித்து இறங்கினார்.
"என்னவே, வீட்டத் தொறந்து போட்டுட்டு ஓட்டுதீரு?"

சுற்றி வந்து பார்த்தேன்.
அறை முழுசாக வெளியே நின்றது,
ஜன்னல் இல்லாமல்,
ஓரத் தகடு வாழைமடலாய் விரிந்து,
ஒரு பச்சைக் குழல்விளக்கு மட்டும் உடையாமல்
ஒயரில் ஆடிக்கொண்டிருந்தது.

(வாகனத்தின் அகலம் என்று ஒரு கட்டம் இருக்கிறது.
ஆர்சி புக்கில் எட்டடி.
அன்றைக்குப் பத்தரை.
எதை எழுத?)

கதவைத் திறந்தால் சோபாவில் ஜெபசிங்.
நாங்கள் உட்காரக் கூடாத சோபா.
இருபத்திரண்டு மணி நேரம் நின்ற கால்
பொத்தானுக்குப் போகிற வழியில் மடங்கியிருக்கிறது.
தலையெல்லாம் கண்ணாடித் தூள், நெஞ்சில் வேப்பிலை.
பெருவிரல் மட்டும் வெறுங்காற்றை அமுக்கியபடி.
கழுத்தைத் தொட்டேன்.
சூடு இருந்தது.
அதற்குப் பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.
"அமுக்கிட்டேண்ணாச்சி" என்றான்
கண் திறக்காமல்.

மோட்டார் இழுக்கவில்லை.
பால்காரர், நான், ஜெபசிங்,
செங்கல் லாரியில் வந்த நாலு பேர்,
பெயர்கூடக் கேட்கவில்லை,
தோள் கொடுத்துத் தள்ளினோம்.
ஒரு சாண் மிச்சம் வைத்து உள்ளே போனது.
பால் திரிந்துவிடும் என்று பால்காரர் போய்விட்டார்.

மூன்று வரியில் எழுதியது:
இருட்டு. ரோடு குறுகல்.
கண்ணாடியில் சேறு.
பக்கச் சுவர் உரசிவிட்டது.

கடைசிக் கேள்வி,
இழுபடும் வண்டிக்குள் ஆள் இருந்தாரா?
இருந்தார் என்றால் ஒரு பைசா வராது,
ஏஜெண்ட் வாசலிலேயே சொல்லிவிட்டார்.

ஆள் யாரும் இல்லை என்று எழுதினேன்.

பக்கத்தில் நின்று வாசித்த ஜெபசிங்
பேனாவைக் கேட்டான்.
ஆள் என்பதில் புள்ளி சரியாக விழவில்லை என்று
அழுத்தி ஒன்று வைத்துத்
திருப்பிக் கொடுத்தான்.