பதினான்கு நாளும் பல்நூலும்

இசக்கிமுத்து அண்ணனுக்கு விசா வந்துவிட்டது.
மே பதினொன்றில் இறங்குகிறான்.
பதினான்கு நாள். கூட மதினி.
கூடவே அவள் முழங்கால்.

"நயாகரா, அந்தப் பனிமலை, டூலிப் தோட்டம்,
கடல்ல ஐஸ் மலை மிதக்குமாமே, அது,
அப்புறம் உங்க ஊரு. போதும்லா?"
காலையில் திருச்செந்தூர் போய்
மதியச் சாப்பாட்டுக்குத் தூத்துக்குடி திரும்புகிறவன் குரலில்
வாட்ஸப்பில் கேட்கிறான்.

வின்னிபெக்கில் ஏப்ரல், ஞாயிற்றுக்கிழமை.
வாசலோரப் பனி கறுத்துக் கிடக்கிறது
கழுவாத தோசைக்கல் மாதிரி.
மேசையில் மகளின் பள்ளிக்கூட வரைபடம்.
அளக்க நூல் தேடினேன், அகப்படவில்லை.
பல்லிடுக்குக்கு வாங்கிய நூலை
புதினா வாசத்தோடு உருவி
ஒரு முனையை நயாகராவில் அழுத்திப் பிடித்தேன்.
ராக்கி மலைக்கு வருவதற்குள்
முழங்கையைத் தாண்டிவிட்டது.

"மூன்றரை நாள்" என்றார் சுயம்பு.
"ராத்திரி தூங்கினால் நாலரை.
உன் மதினி இறங்கி ஏறினால் ஐந்து."

தேதியாவது சொன்னபடி கேட்குமென்று பார்த்தால்
மே என்பது இங்கே ஒரே மாதம் இல்லை.
விக்டோரியாவில் செர்ரி உதிர்ந்து
பெருக்கியும் முடித்திருப்பார்கள்.
ஒட்டாவாவில் டூலிப் அப்போதுதான் நிமிரும்.
அண்ணன் படத்தில் பார்த்த பச்சை ஏரி
ஜூன் வரைக்கும் மூடிய பாத்திரம்.
நியூஃபவுண்ட்லாந்துப் பக்கம் ஐஸ் மலைகள்
டிக்கெட் எடுக்காமல், முன்பதிவு இல்லாமல்
தம்பாட்டுக்குத் தெற்கே போய்க்கொண்டிருக்கும்.
எதைப் பிடித்தாலும் இன்னொன்று நழுவுகிறது.
நான்கு முறை எழுதி நான்கு முறை அடித்தேன்.
காகிதத்தில் ஓட்டை விழுந்தது,
ஏறக்குறைய சஸ்காட்சுவான் இருக்குமிடத்தில்.

"சரி, நீ போனதுல எது நல்லாருந்துச்சு?
அதையே போட்டுரு."

பதினோரு வருஷம்.
மருந்துக் கிடங்கு. நீச்சல் வகுப்பு.
அரிசி தள்ளுபடியில் வந்தால் மட்டும் பாலத்துக்கு அந்தப் பக்கம்.
டொரான்டோவை மூன்று தடவை பார்த்திருக்கிறேன்,
விமான நிலையக் கண்ணாடி வழியாக,
மழை பெய்துகொண்டிருந்தது.

"எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சுண்ணே" என்றேன்.
சுயம்பு வரைபடத்திலிருந்து தலை தூக்கவே இல்லை.

செவ்வாய் இரவு ஷிப்டில்
இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே
மரிவிக்கிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன்.
அவள் ஸ்டிக்கர் ஒட்டுவதை நிறுத்தவில்லை.
"நார்சிஸ் கூட்டிட்டுப் போயேன். பாம்பு பார்க்க.
சுண்ணாம்புக் குழிக்குள்ளே குளிர்காலம் முழுக்கக் கிடந்துட்டு
மே மாசம் வெளியே வரும். ஆயிரக்கணக்கில்.
நூல்கண்டு சிக்கினது மாதிரி இருக்கும்.
ஒன்றரை மணி நேரம்தான்.
நீ போனதே இல்லையா?"

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் அளந்தேன்.
நகத்தின் அகலம்கூட இல்லை.
பல்நூலைச் சுற்றிய ஆள்காட்டி விரலில்
சிவப்பாய் ஒரு கோடு.

"பாம்பா?" என்றான் அண்ணன்.
"அதுக்கா ரெண்டு விமானம் மாறி வாரேன்?
நம்ம கம்பெனி காம்பவுண்டுலயே கெடக்கு."
பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
திரையில் அவன் நெற்றியும் மின்விசிறியும் மட்டும்.

நயாகரா இருக்கட்டும்,
முன்பணம் திரும்ப வராது.
டூலிப் வழியில் கிடைத்தால் பார்க்கலாம்.
பனிமலையை விமானத்திலிருந்து காட்டலாம் என்று
சுயம்பு சொன்னார்.
அந்தப் பக்கம் விமானமே போகாது என்று
இருவருக்கும் தெரியும்.
ஐஸ் மலையைப் பற்றி
அதற்கப்புறம் யாரும் வாயெடுக்கவில்லை.

திடீரென்று போன் கைமாறியது. மதினி.
"ஏட்டி, அந்தப் பாம்புக்கு எத்தன படி ஏறணும்?"
"கொஞ்சந்தான் மதினி. மத்ததெல்லாம் சமதரை."
"அப்ப அதுக்குப் போவோம்."
அப்புறம், குரலைத் தாழ்த்தி,
"பாலு வாங்கிட்டுப் போகணுமா?"

நான் சிரிக்குமுன்
வரைபடத்தை மடித்துக்கொண்டே சுயம்பு கேட்டார்,
"ரெண்டு சதவீதமா, முழுக்கொழுப்பா?"