மூன்று மணி மெட்டு

பின்னேரம் மூன்று மணிக்கு
கோண்டாவில் ஒழுங்கைகளுக்குள்
என் பாண் ஓட்டோ பாடிக்கொண்டு போகும்.
ஆர் போட்ட மெட்டென்று எனக்குத் தெரியாது,
வாங்கேக்கையே பெட்டிக்குள் இருந்தது.
றோஸ் பாண், மீன் பணிஸ்,
சீனி பூசின முதலைப் பணிஸ்.
படலைகள் திறக்கும்.

ஒரு படலை மட்டும் கோபமாய்த் திறக்கும்.
மாமரத்தடி வீடு. தலை குலைந்த பெண்,
இடுப்பில் இரண்டு வயசு, மூக்கு ஒழுக.
"அண்ணை, ஒரு மணித்தியாலம் ஆட்டி
இப்பத்தான் கண் மூடினவள்.
இனி இரவு பத்து மட்டும் நான் படுற பாடு
உங்கட பாட்டுக்கு விளங்குமே?"
நான் சிரித்தேன்.
மீன் பணிஸ் இரண்டை நீட்டினேன்.

பிறகு ஆஸ்பத்திரியில்
சுகிர்தாவின் வேலைநேரம் மாறிற்று.
மகனைச் சால்வையால் என்னோடு கட்டிக்கொண்டு
ஓட்டோவை எடுத்தேன்.
கிருசிகன், இரண்டேகால் வயசு.
மத்தியான நித்திரைதானே,
ஒருநாள் இல்லாவிட்டால் என்ன.

அவன் தலைக்கு மேலேயே ஒலிபெருக்கி.
நாலு மணிக்குக் கண்ணைக் கசக்கினான்.
நாலரைக்குத் தன் காதைத் தானே இழுத்தான்.
ஐந்துக்கு, ஆச்சரியம், உசாராகிவிட்டான்.
பெடியனுக்கு நித்திரையே தேவையில்லையெண்டு
போன் அடித்துச் சொன்னேன்.
சுகிர்தா கொஞ்சநேரம் பேசவில்லை.
"கவனம்" என்றாள்.

நித்திரை குறைந்தால் எனக்குச் சோர்வு வரும்.
அவனுக்குச் சுழல் வந்தது.
முற்றத்தைப் பன்னிரண்டு தரம் சுற்றி ஓடினான்.
ஒன்றுமில்லாததுக்குச் சிரித்தான்,
சிரிப்பு முடிகிற இடத்திலேயே
அழுகை காத்து நின்றது,
நடுவில் ஒரு வேலி கூட இல்லை.
செருப்பைத் தண்ணி வாளிக்குள் போட்டான்,
செருப்பு நனைந்துவிட்டதென்று குளறினான்.
நீலக் கோப்பை கேட்டான். கொடுத்தேன்.
அது நீலமாயிருக்கிறதென்று எறிந்தான்.
பணிஸை இரண்டாய்ப் பிய்த்துக் கொடுத்தேன்.
பிழை.
"ஒட்டு" என்றான்.
பிய்ந்ததை எப்பிடியடா ஒட்டுறது?
"ஒட்டு, ஒட்டு" என்று நிலத்தில் விழுந்தான்.
முழுப் பணிஸ் புதிதாய் ஒன்று எடுத்தேன்.
அது வேண்டாம்,
இதுதான் முழுசாய் வேண்டும்.
தூக்கப்போன தோளில் கடித்தான்.

கையை ஓங்கிவிட்டேன்.

ஓங்கின கைக்குக் கீழே அவன் கண்.
அதில் குழப்படி இல்லை.
சிவந்து, இமை பாதி இறங்கி,
வீட்டு வழி தவறினவனின் கண்.
அப்போதுதான் கண்டேன்,
விடியப்புறம் மூன்றுக்கு எழும்பி
பேக்கரி வாசலில் தட்டு ஏற்றின என் கையும்
நடுங்கிக்கொண்டிருந்ததை.
நித்திரையில்லாத இரண்டு பேர்
ஒரு பணிஸுக்குச் சண்டை பிடித்திருக்கிறோம்.

கையை இறக்கி அவன் முதுகில் வைத்தேன்.
ஏழு தட்டுத் தட்டியிருப்பேன்,
எட்டாவதுக்கு ஆள் இல்லை.
கன்னத்துக்குள் அடக்கியிருந்த துண்டை
விரலால் வழித்தெடுத்தேன்.

மறுநாள்
மாமரத்தடிப் படலைக்கு நாற்பது யார் முன்னமே
மெட்டை நிறுத்தினேன்.
எஞ்சினையும் நிறுத்தி, இறங்கி,
பாணைத் தள்ளிக்கொண்டு போனேன்.
மதிலடி நாய் தலையைத் தூக்கிப் பார்த்து
நம்பாமல் திரும்பப் படுத்தது.
அந்த ஒழுங்கையில் ஒருத்தரும் வரவில்லை.
அவளும் வரவில்லை.
அவளும் நித்திரையாயிருக்கலாம்.

பதினொரு பணிஸ் மிச்சம்.
மழை என்றேன் முதலாளியிடம்.
அவர் வானத்தைப் பார்த்தார்.

அன்றைக்குச் சுகிர்தாவுக்கு லீவு.
நான் போகையில் கிருசிகன் எழும்பியிருந்தான்,
கன்னத்தில் பாயின் வரி.
பழக்கதோசத்தில் பணிஸை
இரண்டாய்ப் பிய்த்துவிட்டேன்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அரைப் பணிஸைப் பார்த்தான்.
திருப்பிப் பார்த்தான்.
பிறகு அதை இன்னும் அரையாக்கி
என் வாய்க்குள் திணித்தான்.