புது நேரம், பழைய நேரம்

மரணப் பதிவின் ஏழாம் கூடு
இறந்த நேரத்தைக் கேட்கிறது.
சின்னக் கூடு.
மூன்று இலக்கமும் ஒரு புள்ளியும் வைத்தால்
நிரம்பிவிடும்.

கொழும்பு வானொலி சொன்னது:
அதிகாலை நாலே முக்கால்.
சரசாலையில் ரோந்து சென்ற படையினரைத்
தாக்க வந்த பயங்கரவாதி ஒருவர் கொல்லப்பட்டார்.
சந்தேகத்துக்கிடமான தகரப் பெட்டி ஒன்று மீட்பு.
படைவீரர் ஒருவருக்குச் சிறு காயம்.

மற்ற வானொலி கரகரத்துச் சொன்னது:
அதிகாலை நாலு பத்து இல்லை, நாலு நாற்பது
(பற்றரி இறங்கியிருந்தது, இரண்டாந்தரம்தான் விளங்கியது).
காவலுலா அணி மீது அதிரடித் தாக்குதல்.
படையினர் இருவர் பலி.
சுடுகலன் ஒன்று கைப்பற்றப்பட்டது.
எமது தரப்பில் இழப்பு ஏதுமில்லை.

ஐந்து நிமிடம்தானே வித்தியாசம் என்று
வெளியூர்க்காரர் நினைக்கலாம்.
கொழும்பு சொல்வது புது நேரம்.
அவர்கள் சொல்வது பழைய நேரம்.
அரை மணித்தியாலத்தைக் கூட்டினால்
நாலே முக்காலுக்கும் ஐந்து பத்துக்கும் நடுவில்
ஐந்து மணி நிற்கும்.
ஐந்து மணிக்குத்தான் அப்போது ஊரடங்கு எடுபடும்.

இரண்டு அறிக்கையையும் நான் நம்பத் தயார்.
ஆனால் ஒருவரைக் கொன்றோம் என்கிறார் ஒருவர்,
ஒருவரையும் இழக்கவில்லை என்கிறார் மற்றவர்.
கழித்துப் பார்த்தால் ஓர் உடல் மிச்சம்.

மிச்சத்தின் பெயர் செல்லையா குலவீரசிங்கம்.
வயது நாற்பத்தொன்று. பாண் விற்பவர்.
சாவகச்சேரி ஆசுபத்திரி கொடுத்த கடித உறையில்
முப்பத்தைந்து ரூபாய்,
பேக்கரித் துண்டு: 'நாற்பத்தெட்டு றாத்தல், கடன்',
ஓடிக்கொண்டிருந்த கைக்கடிகாரம்.

"அந்தப் பெட்டியைத் திருப்பி எடுக்கேலுமோ?"
இராசமலர் முதலில் கேட்டது அதைத்தான்.
"அது பேக்கரிக்காரற்றை."

எத்தனை மணிக்கு வெளிக்கிட்டவர்?
"நாலரைக்கு."
எந்த நாலரை?
என்னைப் பார்த்தா.
"வீட்டு நாலரை.
மணிக்கூட்டைத் திருப்பினா மா முந்திப் பொங்குமோ
எண்டு கேப்பார்."

நாற்பத்தெட்டு றாத்தல் பாண்
எந்த அறிக்கையிலும் வரவில்லை.
பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள்.
அன்றைக்கு ஒழுங்கை நாய்கள்
ஆளையாள் கடிக்காமல் தின்றன என்று
வாழைத்தோட்டக்காரர் ஒருவர் சொன்னார்.
சொல்லிவிட்டு, தான் சொன்னதாக
எழுத வேண்டாம் என்றார்.

நாலே முக்கால் என்று எழுதினால்
ஊரடங்கில் திரிந்தவன்; ஒரு சதம் கிடையாது.
ஐந்து பத்து என்று எழுதினால்
எந்த வானொலி கேட்கிறாய் என்று
என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள்.
எனக்கும் இரண்டு பெண்பிள்ளைகள்.

ஐந்து மணி என்று எழுதினேன்.
இருவருமே சொல்லாத நேரம்.
பயந்தவனின் நேரம்.
கையெழுத்து மட்டும் வடிவாக விழுந்தது.

கச்சேரியில் இருந்து கோப்பு திரும்பி வந்தது:
ஐந்து மணி எனில் ஊரடங்கின் உள்ளா, வெளியா?
விளக்கம் கோரி அனுப்பினேன்.
விளக்கம் கோரி அனுப்பினார்கள்.

ஒன்பது வருடம் கழித்து ஒரு சித்திரை வருடப்பிறப்போடு
நாடு முழுக்க மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பினார்கள்.
பத்து நாளில் இராசமலர் வந்தா.
கையில் அவருடைய கடிகாரம்,
வார் மட்டும் புதிது.
ஒருநாளும் திருப்பப்படாமல்
சரியான நேரம் காட்டியது.

"ஐயா, அந்த அரை மணித்தியாலத்தைத்
திருப்பித் தந்திட்டாங்களாம்.
இனியாவது மாத்தி எழுதுங்கோ."

பதிவில் திருத்தம் என்றால்
நேரில் கண்டவர்கள் இரண்டு பேர்
கையொப்பம் வைக்கவேணும் என்றேன்.
சட்டம் அதுதான்.

"கண்டவை ரெண்டு பேரும்
அண்டைக்கே றேடியோவிலை சொன்னவைதானே,"
என்றா.