ராது

கார்த்திகை பிறக்க இன்னும் ரெண்டு நாள்.
ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில்
என் ஜெராக்ஸ் கடை ஷட்டரை
உப்புக்காற்று பாதியில் பிடித்து வைத்திருந்த காலை,
லாட்ஜ் மேனேஜர் பொன்னுலிங்கம்
பில் புத்தகத்தின் முதுகில் எழுதி எடுத்து வந்தார்:
ரூமில் சமைக்கக் கூடாது
துணி துவைக்கக் கூடாது
கற்பூரம் கொளுத்தக் கூடாது
எண்ணிப் பார்த்தேன்,
எட்டுக் கூடாது.

"எல்லாம் தெலுங்குல வேணும் ஸ்ரீலேகா,
நாளைக்கு மூணு பஸ்ஸு வருது
ஸ்ரீகாகுளத்துல இருந்து."

செட்டிங்ஸ். மொழி. சேர்க்க.
பட்டியலில் தமிழுக்கும் தெலுங்குக்கும் நடுவே
தாதார் என்று ஒரு மொழி.
இறங்கும்போது
அதன் மேல் ஒரு முறை கை பட்டுவிட்டது.
நாற்பத்தேழு சதவீதத்தில் நின்று
யோசித்து
பைய இறங்கியது தெலுங்கு.

க இருந்த கட்டையில்தான்
அங்கேயும் க இருந்தது.
விரலுக்கு எல்லை தெரியவில்லை.
திரையில் மட்டும் உருண்டு வந்து
தலையில் ஒரு டிக்,
விடைத்தாளில் டீச்சர் போடுவது போல.
அதற்குத் தலகட்டு என்று பேராம்.
எங்கள் கொட்டாரத்தில் தலைக்கட்டு என்றால்
கோயில் கொடைக்கு வரி,
குடும்பத்துக்கு ஐநூறு.

ஒற்றுதான் பாடாய்ப் படுத்தியது.
தமிழில் புள்ளி வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.
இதில் அடுத்த எழுத்து
முந்தின எழுத்தின் காலடியில் போய் உட்கார வேண்டும்.
வேர்டில் உட்கார்ந்தது.
ஃபிளக்ஸ் போடுகிற பழைய சாஃப்ட்வேரில்
எழுந்து வந்து தனியே நின்றது;
சில இடத்தில் எழுத்தே இல்லை,
வெறும் கட்டம்.
"இது தெலுங்கா, வாடகைக்கு விட்ட ரூமா?"
என்றார் பொன்னுலிங்கம்.
நாலு ஃபான்ட் மாற்றினேன்.
டீ ஆறிப் பாடை கட்டியது.

போனிடம் கேட்டுக் கேட்டு அடித்த எட்டு வரியும்
சரியா என்று யாரிடம் கேட்க?
மத்தியானம் வந்தார் அப்பலநாயுடு,
பஸ்ஸுக்கு முன்னால் டெம்போவில் வந்த சமையல்காரர்,
ஆதார் கார்டு நகல் எடுக்க.
சட்டையெல்லாம் பெருங்காயம்.
மானிட்டரை அவர் பக்கம் திருப்பினேன்.
கண்ணாடி இல்லாததால்
மூக்கு திரையில் முட்ட வாசித்தார்.
உதகராது.
வெலிகிஞ்சராது.
வண்டராது என்ற இடத்தில் நின்று
டெம்போவைத் திரும்பிப் பார்த்தார்,
இரண்டு சிலிண்டர், ஒரு அண்டா.

பிறகு என்னிடம் கேட்டார்:
"மீகு தெலுகு ராதா?"
ராதாவா? அப்படி யாரும் இங்கே இல்லையே என்றேன்.
அவர் சிரித்துத் தன் நாக்கைத் தொட்டுக் காட்டி,
"தெலுகு... ராது?"

அட. வராது.
எனக்குத் தெலுங்கு வராது.
இதையேதான் நானும் சொல்வேன்.
எட்டு வரியின் வாலிலும்
காலையிலிருந்து நானே அடித்துக்கொண்டிருந்த சொல்:
செய்ய ராது, கொளுத்த ராது,
ராது, ராது.
இத்தனை பாடுபட்டு ஒரு மொழியை உள்ளே வரவழைத்து
அதன் வாயில் திணித்தது
வராது மட்டும்தானா?

வருதுக்கு என்ன என்று கையைக் காட்டிக் கேட்டேன்.
"வஸ்தாடு" என்றார். "மனுஷன் வந்தால்."
"சூரியன்?"
கொஞ்சம் யோசித்தார்.
"சூர்யுடு கூட மனுஷனே.
வஸ்தாடு."

ஒன்பதாவது வரி நான் சேர்த்தது.
சூரியன் 6.14க்கு வருவார், மொட்டைமாடி திறந்திருக்கும்.
ய போய் ர-வின் காலடியில் உட்கார்ந்தது,
த போய் ஸ-வின் கீழே,
சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளைகள் போல.

லேமினேஷன் சூட்டோடு வாங்கிப் பார்த்து
வரிகளை எண்ணினார் பொன்னுலிங்கம்.
"ஒண்ணு கூடுதலா இருக்கே?"
சொன்னேன்.
"மேகம் போட்டா எங்கிட்டல்லா வந்து கேப்பானுவ!"
ஒன்பதாவது வரிக்குக் காசு தரவில்லை.

மறுநாள் காலை
முதியோர் உதவித்தொகை மனு அடிக்க வந்த
கமலம்மையின் பேரில் முதல் எழுத்தை அழுத்தினேன்.
தலையில் டிக்கோடு
உருண்டு வந்து நின்றது.
"இது நானா?" என்றாள்.