ஆட்சியருக்காக

என் கையெழுத்துக்குக் கீழே எப்போதும் ஒரு சொல் இருக்கும்:
ஆட்சியருக்காக.
பதினாறு வருடமாகப் போடுகிறேன்.
கலெக்டர்கள் ஒன்பது பேர் மாறிவிட்டார்கள்,
அந்தக் 'காக' மாறவில்லை.

அதனால்தானோ என்னவோ
ஒரு தீவின் கவர்னர் ஜெனரல் சேலம் வந்தபோது
கூடப் போகச் சொல்லி என்னை அனுப்பினார்கள்.
எலெய்ன் பெர்மால். அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி.
கடல் தாண்டியதில் பெருமாள்
கொஞ்சம் தேய்ந்திருந்தார்.
சைரன் வேண்டாம் என்றார் முதலிலேயே.

ஏற்காடு மலைப்பாதை, நான்காவது கொண்டை ஊசி வளைவில் கேட்டேன்:
ராஜா லண்டனில் இருக்கிறார்,
ஓட்டு வாங்கிய பிரதமர் உங்கள் ஊரில் இருக்கிறார்,
நடுவில் உங்களுக்கு என்ன வேலை?

கையெழுத்து, என்றார்.
சட்டம் வரும், போடுவேன். ரிப்பன் வரும், வெட்டுவேன்.
கேட்டால் சொல்லலாம்,
கேட்காவிட்டாலும் ஒருமுறை எச்சரிக்கலாம்.
அதற்குமேல் வாய் திறந்தால்
கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டதென்று பத்திரிகையில் வரும்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்:
மூலவர் கருவறையை விட்டு அசைய மாட்டார்,
வீதிக்கு வந்து வெயில் வாங்குவது உற்சவர்.
அவர் வெகுநேரம் யோசித்தார்.
எதிரே மரம் ஏற்றிய லாரிக்காக எங்கள் கார் ஒதுங்கி நின்றது.
"பல்லக்குச் சாயும்போது
அவருக்குப் பயமாக இருக்குமா?"

பதினேழாவது வளைவில்தான் அந்தக் கதை வந்தது.
ஒரு மாலை பிரதமர் காகிதத்தோடு வந்தாராம்:
சபையைக் கலைக்க வேண்டும், உடனே.
இரண்டு நாளில் நம்பிக்கை இல்லாத் தீர்மானம்.
பேனா இருந்தது, மூடி திறந்திருந்தது.
"கண் வலிக்கிறது, காலையில் வாருங்கள்" என்றாராம்.
காலையில் அவர் காகிதம் இல்லாமல் வந்தார்.
பதினோரு வருடத்தில்
நான் ஆண்டது அந்த ஒரு ராத்திரி.

ஏரியை மூடியிருந்தது பனி.
விருந்தினர் மாளிகை மேசையில்
பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து விரித்தார்
முப்பாட்டனின் கப்பல் சீட்டை.
சென்னைத் துறைமுகம், ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்று.
ஜில்லா சேலம். தாலுகா ஆத்தூர்.
ஊர்…
ஊர் இருந்த இடத்தில் அரசு முத்திரை.
கிரீடத்தின் மை ஊறி, காகிதம் பொத்தலாகி,
ஒரு 'பாளையம்' மட்டும் வால் போல நீட்டிக்கொண்டிருந்தது.

"என் முதலாளி
என் ஊர் மேலேயே உட்கார்ந்திருக்கிறார்"
என்று சிரித்தார். நானும் சிரித்தேன்,
அடுத்த கட்டத்தைப் பார்க்கும்வரை.

சாதி என்ற கட்டத்தில் ஆறு ஆங்கில எழுத்து.
"யாரோ குமாஸ்தா கோபத்தில்
திட்டி எழுதியிருக்கிறான், பாவி" என்றார்.
"இந்தச் சொல் எங்கள் அகராதியில்
யாரும் சேர்க்காதவன் என்று பொருள்."

கண் வலிக்கிறது, காலையில் சொல்கிறேன் என்றேன்.

இரவெல்லாம் கூரை ஒழுகியது போலச் சொட்டிக்கொண்டிருந்தது பனி.
காலையில் காப்பி ஆறும்வரை பேசினேன்:
அது வசவு இல்லை அம்மா.
பறையின் பெயர், அதை அடித்தவர்களின் பெயர்.
வசவாக்கியது பிற்பாடு,
அதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கும் பங்கு உண்டு.
என் சான்றிதழிலும் அதுதான்.
அதில் கையெழுத்துப் போட்டவர்
ஏதோ ஒரு தாசில்தார், யாருக்காகவோ.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.
பிறகு என் காப்பியையும் சேர்த்துக் குடித்துவிட்டார், கவனமில்லாமல்.

ஆத்தூர்ச் சாலையில்
எத்தனை பாளையம்!
எது என்று தெரியாததால்
எல்லாவற்றிலும் கொஞ்சம் இறங்கினார்.
வாழப்பாடியில் தட்டுவடை செட்டு,
காரம் தாங்காமல் கண்ணீர், அதுவும் காரத்தால்தான் என்றார்.

ஒரு மாதம் கழித்து
அலுவலகத்துக்குக் கடிதம் வந்தது.
கனத்த தாள், மேலே பொன்னிறக் கிரீடம்,
மூன்று வரி நன்றி.
கீழே அவர் கையெழுத்து இல்லை,
யாரோ ஒரு செயலாளர்,
கவர்னர் ஜெனரலுக்காக.

கிரீடத்துக்குப் பக்கத்தில் மட்டும்
பென்சிலில், நடுங்கிய தமிழில்,
யாரிடமோ கேட்டு எழுதிய ஒரே எழுத்து:
ள்.