கூடுதல் ஒரு மணி நேரம்

என் பெயர் வேல்விழி.
சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.
பெயர் வைத்தபோது பார்வை இருந்தது,
ஏழு வயதுவரை இருந்தது.
தில்லியில் இந்தச் சிக்கலும் இல்லை:
இங்கே வருகைப் பதிவேட்டில் நான் வெல்விஜி.
அதற்கு எந்த அர்த்தமும் கிடையாது, நிம்மதி.

மே மாதம். எம்.எஸ்சி. புள்ளியியல், கடைசித் தாள்.
தரைத்தளத்தில் பன்னிரண்டாம் எண் அறை,
உடைந்த நாற்காலிகளையும் எங்களையும்
போட்டுவைக்கும் இடம்.
எனக்காக எழுத வந்தவன் பிர்ஜு,
வஜீராபாத், பதினொன்றாம் வகுப்பு, வணிகவியல்.
எழுதுகிறவன் என்னைவிடக் குறைவாகப்
படித்திருக்க வேண்டுமாம்.
நிறையப் படித்தவன் வந்தால்
எனக்குத் தெரியாததையும் எழுதிவிடுவானாம்.
எனக்குத் தெரிந்ததை இவன் எப்படி எழுதுவான் என்று
விதி செய்தவர் யோசித்திருக்கலாம்.

"லாம்டா போடு" என்றேன்.
"அது எப்படி இருக்கும், தீதி?"

எப்படி இருக்கும்?
ஐந்து வருடமாக அதோடு குடித்தனம்.
கணினிக் குரல் அதை நாக்கில் படாமல் சொல்லிவிட்டு ஓடும்.
ஒரு வரிசையில் மணிக்கு எத்தனை பேர்
வந்து சேர்கிறார்கள் என்பது லாம்டா.
ஊனச் சான்றிதழ் புதுப்பிக்க
ஆஸ்பத்திரியில் நின்றபோது
செருப்புச் சத்தங்களை எண்ணிக் கணக்குப் போட்டேன்,
என் முறை வர இரண்டு மணி நாற்பது நிமிடம்.
விடை சரி.
வரிசைதான் வேறு, அது எக்ஸ்ரே வரிசை.

உருவம் கேட்டால் எங்கே போக?
எனக்கு ஒலி தெரியும், பொருள் தெரியும்.
அவனிடம் கை இருக்கிறது.
நடுவில் அந்த எழுத்து
இரண்டு பேருக்கும் அந்நியமாக உட்கார்ந்திருக்கிறது.
ஏழு வயதுக்குள் பார்த்து வைத்தவற்றைத் துழாவினேன்:
ண-வின் சுழிகள், ஃ,
பால் பாக்கெட்டின் நீலம்.
கிரேக்கம் ஒன்றுகூட இல்லை.

கண்காணிப்புக்கு ஜைதி சார்.
ரப்பர், இரும்பு, தோல்.
ரப்பர், இரும்பு, தோல்.
ஊன்றுகோல், காலில் பூட்டிய கம்பி, மற்றக் கால்.
துறை அலுவலகம் இரண்டாம் மாடியில்.
லிஃப்ட் பழுது, பழுது, டெண்டர், பழுது.
பதினொரு வருடமாக அவர் மேலே போகவில்லை.
கையெழுத்துக்கான காகிதங்கள் இறங்கி வரும்,
தேநீர் வராது.
"நான் எதுவும் சொல்லித்தரக் கூடாது" என்றார்,
நாங்கள் எதுவும் கேட்காதபோதே.

அப்போது நினைவு வந்தது,
அறைத்தோழி ஹெகாலி எப்போதோ சொன்னது.
பிர்ஜுவிடம் மெதுவாகத்தான் சொன்னேன்:
"ஒரு ஆள் கோலூன்றிச்
சாய்ந்து நிற்கிற மாதிரி."

நடை நின்றது.

மின்விசிறியின் முனகல்.
காது சுட்டது எனக்கு.
சொன்னதைத் திரும்ப வாங்க முடியுமா,
அழிரப்பர் எங்கே விற்கிறார்கள் இதற்கு?
பிர்ஜுவின் பேனா ஓடியது.
"புரிந்துவிட்டது தீதி" என்றான்.
எப்படி என்று நான் கேட்கவில்லை.

மூன்று மணி முடிந்து
மேலே நாற்காலிகள் இழுபடும் சத்தம்.
எல்லோரும் படியிறங்கி எங்கள் கதவைக் கடந்து
லஸ்ஸிக் கடைக்குப் போனார்கள்.
எங்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம்.
அதுவரைக்கும்,
என் கடைசி லாம்டா முடிகிறவரைக்கும்,
சார் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.
அவருக்குக் கால் வலித்திருக்கும்.
கோபமாகவும் இருந்திருக்கலாம்.
நகரவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஐம்பத்தெட்டு வந்தது.
விடைத்தாள் நகலுக்குப் பணம் கட்டினேன்.
ஹெகாலி படித்துக்கொண்டே வந்து
ஓரத்துச் சிவப்பு மையில் நின்றாள்:
"கையெழுத்தைத் திருத்திக்கொள்ளவும்."
சிரித்து முடிக்க எங்களுக்கு நேரம் பிடித்தது.

பிர்ஜுவுக்கு அனுப்பினேன்.
இரவு பதில் வந்தது,
அவன் குழந்தை இந்தியை
கணினிக் குரல் மந்திரிபோல வாசித்தது:
"மன்னியுங்கள் தீதி, அன்று பேனா சரியில்லை.
லாம்டாவுக்காவது
மார்க் போட்டார்களா?"