அடித்தது யார்

கலெக்டர் ஆபீஸ் வாசல் வேம்படியில்
திங்கட்கிழமைதோறும் என் மெஷின் ஓடும்.
பழைய ரெமிங்டன். அ மட்டும் விழாது.
மேல்தாளில் பேனாவால் போட்டுக் கொடுப்பேன்.
கார்பன் நகலை யார் பார்க்கப் போகிறார்கள்.

மாயழகு முதலில் வந்தது
கண்மாய் மடையை மூடிய குவாரிக் கழிவுக்காக.
கீழச்சுனைப்பட்டி, மேலூர் தாண்டி உள்ளே.
"ஒரு கூட்டம் போடணும். மைக் வேணாம்.
உக்காந்து பேசிட்டு எந்திரிச்சிருவோம்."
அமைதியான முறையில் என்று அடித்தேன்.
பதினைந்து ரூபாய்.

சட்டம் ஒழுங்கு பாதிக்கப்படும் என்பதால்
என்று வந்தது பதில்.
இடத்தை மாற்றி அடித்தோம். தேதியை மாற்றி அடித்தோம்.
ஐம்பது பேரை இருபதாக்கி
இருபதைப் பன்னிரண்டாக்கி
"நான் மட்டும் நிக்கிறேன்னு போடுங்க" என்றார் ஒருமுறை.
அதையும் அடித்தேன்.
அதற்கும்
பாதிக்கப்படும் என்பதால்.

ஆடியில் அனுமதியில்லாமல் உட்கார்ந்தார்கள்.
கண்மாய்க் கரையில் பதினோரு பேர், ஒரு தூக்குவாளி மோர்.
அடுத்த திங்கள்
ஸ்டூலில் உட்காராமல் நின்றே சொன்னார் மாயழகு.
சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
"வீரணன் மகனுக்கு இடது காது போச்சு.
எழுதுங்க, அடித்தது யார்?"
அந்த மனுவுக்குப் பதிலே இல்லை.
பாதிக்கப்படும் என்றுகூட இல்லை.

ஐப்பசியில் வந்தார். மனு வேண்டாம் என்றார்.
நகல்களைக் கேட்டார்.
எட்டு இருந்தன, சணலில் கட்டிக் கொடுத்தேன்.
டீ வாங்கித் தந்தார்.
இன்னைக்கு மழை இருக்குமா என்று கேட்டார்.
இருக்காது என்றேன்.

குவாரியில் லாரி எரிந்தது.
உள்ளே கிளீனர் பையன் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறான்.
சேலம் பக்கத்துப் பையன்.
பெரியாஸ்பத்திரி கேட் வரைக்கும் போனேன்,
ஆரஞ்சுப் பையோடு திரும்பிவிட்டேன்.

ஆய்வாளர் பிளாஸ்டிக் உறையில் கொண்டுவந்தார்
ஓரம் கருகிய ஒரு தாள்.
மைதியான முறையில் என்றிருந்தது.
முன்னால் ஓர் எழுத்தளவு வெள்ளை.
"இதை அடித்தது யார்?"

நாலு மாதமாக மாயழகு கேட்டதை
முதல்முறையாக அரசாங்கம் கேட்டது.

நான்தான் என்றேன்.

மெஷின் இப்போது வழக்குச் சொத்து.
கையால் எழுதுகிறேன், அ நன்றாகவே வருகிறது.
நேற்று அந்தப் பையனின் அம்மா வந்தாள்.
நிவாரணம் கேட்டு.
அய்யா என்று தொடங்கினேன்.
முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே
எவ்வளவு ஆகும் என்றாள்.